கடலில் இறங்காத மாப்பிள்ளை

கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அது காலில் படாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை. மணமேல்குடிக் கடலில் பெரிய அலை கிடையாது. சத்தம் போடாமல் தவழ்ந்து வரும். நாம் அசந்த நேரம் பார்த்துக் குதிகாலைத் தொட்டுவிட்டுப் போகும். அன்று காலை முழுவதும் அதற்கு இடம் கொடுக்காமல் நான் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன்.

கத்திரி வெயில். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் வேனில் வந்த அத்தனை பேரின் கைபேசிகள், மூக்குக்கண்ணாடிகள், மாமனாரின் பல்செட். எல்லாவற்றுக்கும் காவல்காரன் நான். அந்த வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.

"மச்சான், பைய வேன்ல போட்டுட்டு வாங்க. டிரைவரு பாத்துக்குவாரு" என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினான் பாண்டி.

பாண்டி என் மனைவி வசந்தியின் தம்பி. துபாயில் ஏசி மெக்கானிக். விடுப்பில் வந்திருந்தான். இந்தக் கடல் பயணமே அவன் ஏற்பாடுதான்.

"காதுல சீழு மாப்ள. தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"கால நனைக்கிறதுக்கும் காதுக்கும் என்ன மச்சான் சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற நான், பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு பின்வாங்கினேன்.

கொஞ்சம் தள்ளி, சவுக்கு நிழலில் விரித்த ஜமுக்காளத்தில் வசந்தி உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்று சொல்லியிருந்தாள். அவள் கடலைப் பார்க்கவில்லை. என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ரகசியம்

அப்போது வசந்திக்கு மூன்றாம் மாதம். அது எங்கள் இருவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் முறை அவள் உண்டானபோது ஊருக்கே சொன்னோம். புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்கும், வல்லத்திராக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக்கும், என் பள்ளிக்கூடத்துக்கும் இனிப்பு கொடுத்தேன். கொடுத்த இனிப்பு எல்லோருக்கும் செரித்து முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது.

கலைந்ததைவிடக் கொடுமை, சொன்னதைத் திரும்பப் போய் மாற்றிச் சொல்வது. ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துக் கேட்டார்கள். "எத்தன மாசம் ஆவுது? வயிறே தெரியலையே!" என்று பஸ்ஸில் ஓர் அம்மாள் சத்தமாகக் கேட்டுவிட்டு, வசந்தி முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அந்த அம்மாளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இரண்டாம் முறை நெருங்கின ஆட்களுக்கு மட்டும் சொன்னோம். அதுவும் நிலைக்கவில்லை.

அதனால் மூன்றாம் முறை யாருக்கும் சொல்வதில்லை என்று வசந்தி முடிவெடுத்தாள். பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை. "சொன்னா போயிரும்ங்க" என்றாள். இதற்கெல்லாம் ஆதாரம் கேட்கிற ஆள் நான். அன்று கேட்கவில்லை. அவள் சொன்ன விதம் அப்படி.

அவள் வைத்திருந்த கணக்கு

கரு ஏன் கலைகிறது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். பெரும்பாலும் கரு உருவாகும்போதே அதில் ஏற்படுகிற கோளாறு, தாய் செய்த எதனாலும் இல்லை என்றார். நான் அதை வீட்டில் வந்து மறுபடியும் விளக்கினேன். வகுப்பில் நடத்துவதுபோல படம்கூட வரைந்து காட்டினேன். வசந்தி தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இருந்தாலும் நான் அன்னைக்கி மொட்டமாடிக்குப் போயிருக்கக் கூடாது" என்றாள்.

விஷயம் இதுதான். இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. மாடியில் காயப்போட்டிருந்த வத்தல் ஞாபகத்துக்கு வர, ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அதே சமயத்தில்தான் என் சித்தப்பா இறந்தார். அவரைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆண் வாரிசு இல்லாத மனுஷன். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது என்பார்கள். வீட்டில் எல்லோரும் தயங்கியபோது, "நீங்க போங்க. அவருக்கு வேற யாரு இருக்கா?" என்று என்னை அனுப்பி வைத்தவள் வசந்தி.

முதல் கரு கலைந்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஏதோ விசேஷ வீட்டில் தெரியாமல் தின்ற பப்பாளித் துண்டு.

எல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும். நான் பாடை தூக்கியதும் அவள் குற்றம், அனுப்பிவைத்தாளாம். நான் எவ்வளவு கத்தினாலும் சுவரோடு பேசின கதைதான். கோபம் வந்து, "படிச்சவதானே நீ?" என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். "படிச்சா வலிக்காதா?" என்றாள். அதோடு நான் விளக்குவதை நிறுத்தினேன்.

மூன்றாம் முறை அவள் ஒன்றையும் விடவில்லை. கணவன் முடி வெட்டாமல், கடலில் இறங்காமல் இருப்பதெல்லாம் ஐந்தாம் மாதத்துக்கு மேல்தான் என்று சில வீடுகளில் சொல்வார்கள். வசந்தி முதல் நாளிலேயே என் சவரப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கோடை விடுமுறை வந்தது நல்லதாகப் போயிற்று. வாத்தியாருக்குச் சோம்பல் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் கேட்டால் தலைகீழாகவும் நின்றிருப்பேன்.

கடல் எங்களுக்கு எதற்கு?

இந்த நேரத்தில்தான் பாண்டி வேன் பிடித்தான்.

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே எங்கள் உறவினர் பலருக்குக் காரியத்தின்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அஸ்தி கரைக்க, அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க. கடல் என்றால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு திரும்புகிற இடம், அவ்வளவுதான். அறந்தாங்கியைத் தாண்டினால் கடல் என்று தெரிந்தும், விளையாடுவதற்காக யாரும் போனதில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. கோடை விடுமுறை விட்டால் வேன் வேனாகச் சனம் வருகிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக முத்துக்குடாவில் வரிசை நிற்கிறது. கடற்கரையில் தர்ப்பூசணி, நுங்கு, மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிப்பிஞ்சு என்று ஒரே வியாபாரம். செல்பி எடுக்க ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறுகிறார்கள். துபாய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்த பாண்டிக்கு, நம் வீட்டு ஆட்களும் இதையெல்லாம் அனுபவிக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான்.

"நாங்க வரலடா" என்று சொல்லிப் பார்த்தோம். "ஏன்? என்ன காரணம்? மேலுக்கு முடியலையா?" என்று மாமியார் போன் போட்டுக் குடைந்துவிட்டார். போகாவிட்டால் கேள்வி வரும், போனால் கடல் வரும். டாக்டரைக் கேட்டோம். வேனில் போகலாம், ஒன்றும் ஆகாது என்றார். போய்விடுவது என்று தீர்மானித்தோம்.

"கரையிலயே நில்லுங்க. கால்கூட நனைய வேணாம்" என்று வசந்தி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்போது எங்கள் இருவருக்குமே ஒன்று உறைக்கவில்லை. தாடி வளர்த்த மாப்பிள்ளை, கடற்கரைக்கு வந்து, கடலில் இறங்கமாட்டேன் என்று நின்றால், எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூட அர்த்தம் புரிந்துவிடும். வழக்கத்தைக் காப்பாற்றினால் ரகசியம் உடையும். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தாடியை வழித்துக்கொண்டு கடலில் குதிக்க வேண்டும். ரொம்ப யோசித்துத் திட்டம் போட்ட நாங்கள் இதை மட்டும் யோசிக்கவில்லை.

மீன் தேடிப் போனவர்கள்

வேனை விட்டு இறங்கியதும் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமனார் கடலைப் பார்த்த மாத்திரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டார். கிழக்குப் பார்த்து நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். பழக்கதோஷம். "அப்பா, இன்னைக்கி யாரும் சாகல. சும்மா குளிக்க வந்துருக்கோம்" என்று பாண்டி சொன்னதும் மனிதருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாமியாருக்கோ மீன் ஆசை. கடலுக்கே போகிறோம், துள்ளத் துள்ள வாங்கலாம் என்று வீட்டிலிருந்தே மஞ்சள்தூளும் அரைத்த மசாலாவும் எண்ணெயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது மீன்பிடித் தடைக்காலம் என்பது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. நாட்டுப் படகில் வந்த கொஞ்ச மீனும் விடியுமுன்னே விற்றுப்போயிருந்தது. "புதுக்கோட்ட மார்க்கெட்டுலயாச்சும் கெடச்சிருக்கும்" என்று மாமியார் கடலைப் பார்த்து முறைத்தார். கடைசியில் கொண்டுபோன புளிச்சோறும் உருளைக்கிழங்கும்தான் கைகொடுத்தன.

முதலில் யாருக்கும் கடலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்பதுபோல் பார்த்தார்கள். பாண்டி தண்ணீரை அள்ளி மாமியார் மேல் இறைத்தான். அவர் திட்டிக்கொண்டே திருப்பி இறைத்தார். அதன் பிறகு கூச்சம் போய்விட்டது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மாமியார் சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எந்நேரமும் வயல், மாடு, அடுப்பு என்றிருந்தவர். எனக்கும் போய்க் கலந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. உண்மையாகவே ஆசையாக இருந்தது.

தூக்கிக்கொண்டு போனார்கள்

மாப்பிள்ளையைக் கேலி செய்வது மச்சினனின் உரிமை. அந்த உரிமையை எங்கள் ஊரில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. கொஞ்ச நேரம் வாயால் கேலி செய்து பார்த்த பாண்டி, பிறகு தன் சித்தப்பா பெரியப்பா மகன்களைக் கூட்டிக்கொண்டு கரையேறினான். அவர்கள் வந்த நடையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டேய், வேணாம். பையில போன் இருக்கு."

ஒருவன் பையைக் கழற்றி மணலில் வைத்தான். பாண்டி என் கக்கத்துக்குள் கைவிட்டுத் தூக்கினான். மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காதுடா! காதுல சீழுடா!"

"உப்புத் தண்ணி பட்டா சரியாயிரும் மச்சான். நானே டாக்டர்!"

சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள். நான் முதலில் கெஞ்சினேன். பிறகு திட்டினேன். பிறகு நிஜமாகவே உதைத்தேன். ஒருவனுக்கு நெஞ்சில் பட்டது. அதையும் விளையாட்டு என்றே நினைத்தார்கள். பக்கத்து வேன்காரர்கள் கைதட்டினார்கள். ஈர மணல் வந்துவிட்டது. இன்னும் சில எட்டு வைத்தால் தண்ணீர்.

எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு வழக்கத்துக்காக நான் அப்படிப் பயந்தேன். இந்தத் தண்ணீர் என்மேல் பட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த நிமிஷத்தை வசந்தி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். தம்பியை மன்னிக்கமாட்டாள். அதைவிட, தன்னை மன்னிக்கமாட்டாள். வேனில் ஏறச் சம்மதித்தது நான்தானே என்று ஆரம்பித்துவிடுவாள்.

"பாண்டி!"

வசந்தியின் குரல். அவளோடு வாழ்ந்த இத்தனை காலத்தில் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. ஜமுக்காளத்தை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"வேணாம்டா! அவர நனைச்சிராதடா! ஒன்னயக் கும்பிட்டுக் கேக்குறேன்!"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் அந்தரத்தில் தொங்கினேன். பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தண்ணீரில் நின்ற மாமியார் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு நின்று, வேறு ஏதோ வந்து, அதுவும் அடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, இப்போது கூட்டத்துக்கு நடுவில் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"விட்றா அவர" என்றார் மாமியார், ரொம்பச் சாதாரணமாக. "மாப்ளைக்குக் காதுல சீழுன்னு காலையிலேருந்து சொல்றாருல்ல. ஒனக்கு வெளயாட்டா இருக்கா? அங்கிட்டு மேட்டுல கொண்டுபோயி எறக்கு."

நான் சொன்ன பொய்யை அவர் எடுத்துத் தன் பொய்யாக்கிக்கொண்டார்.

பாண்டி அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஒரு நொடியில் அவன் கைப்பிடி மாறியதை என் கக்கத்தில் உணர்ந்தேன். கண்ணாடிச் சாமானை இறக்குவதுபோல் என்னைக் காய்ந்த மணலில் இறக்கி வைத்தான். என் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். "சாரி மச்சான்" என்றான். ஒன்றும் கேட்கவில்லை.

வசந்தி வந்து என் வேட்டியின் நுனியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

யாரும் கேட்கவில்லை

திரும்பும்போது வசந்திக்கு வேனில் முன்சீட்டு. வரும்போது அங்கே உட்கார்ந்து வந்த மாமனாரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டார் மாமியார். வேகத்தடை வரும் இடமெல்லாம், "மெதுவாப் போப்பா, எனக்கு இடுப்பு வலிக்கிது" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு இடுப்பு வலி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பாண்டி வழியில் இறங்கி இளநீர் வாங்கினான். முதல் இளநீரைச் சீவி அக்காவிடம் கொடுத்தான். வேனுக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அத்தனை பேரும் கடலைப் பற்றியும் மீன் கிடைக்காததைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வாய் ஓயாத குடும்பம் அது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வேன் ஆட்களும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு வந்தார்கள்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் வசந்தி, வீட்டுக்கு வந்ததும்.

"நாம சொல்லலையே" என்றேன்.

யோசித்தாள். "ஆமா. நாம சொல்லல" என்றாள்.

அதன் பிறகு மாமியார் வாரத்தில் பாதி நாள் போன் செய்தார். மாதுளம்பழமும் முருங்கைக்கீரையும் டவுன்பஸ்ஸில் யார் மூலமாவது வந்து சேர்ந்தன. "மாப்ளைக்குக் காது எப்புடி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். "நல்லாருக்கும்மா" என்பாள் வசந்தி. சொல்லும்போது சிரிப்பாள். போன இரண்டு முறையும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆஸ்பத்திரி

அந்தக் கருவும் நிலைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு காலை நேரத்தில் அது நடந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினேன். முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் மாமியாருக்குப் போன் செய்தேன். "அத்தை" என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை. "வாரேன் மாப்ள. அவகிட்டயே இருங்க" என்றார். எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரிந்திருந்ததால் வந்தார். தெரியாமல் இருந்திருந்தால், அன்று அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்திருப்போம்.

மத்தியானம் வசந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழவில்லை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். இந்த முறை எதைச் சொல்லித் தன்னைக் குற்றம் சாட்டப்போகிறாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"ஏங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"சொல்லு."

"அன்னைக்கி ஒங்க மேல தண்ணி படலதான?"

"ஒரு சொட்டுகூடப் படல."

"முடி வெட்டல."

"இல்ல."

"எழவு வீட்டுக்கும் போகல. நானும் தின்னக்கூடாதது எதையும் தின்னல. கெரகணமும் வரல."

"இல்ல வசந்தி. எல்லாம் சரியாத்தான் செஞ்ச."

வெளியே யாரோ பெயர் சொல்லி யாரையோ கூப்பிட்டார்கள். வசந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப முந்தி போன ரெண்டும் எங்குத்தம் இல்லதான?"

மாமியாரின் கையில் சீப்பு நின்றுவிட்டது. முன்பு நான் படம் போட்டு விளக்கிய கேள்வி அது. இப்போது என்னால் ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது.

"இல்ல" என்றேன்.

அப்போதுதான் வசந்தி அழ ஆரம்பித்தாள். அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து அழுதாள்.